சோளப் பயிரின் அசுவினியும் நஞ்சின் அளவும்

தென்காசிக்குக் கிழக்கே, சுரண்டையைச் சூழ்ந்து கிடக்கும் புன்செய் நிலங்களுக்கு இயற்கை ஒதுக்கியிருக்கும் பங்கு விசித்திரமானது. ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்து அருவிகள் ஆர்ப்பரித்துக்கொண்டிருக்கும் வேளையில், ஆரியங்காவுக் கணவாயின் வழியே புகுந்து வரும் மேல்காற்று, தன்னிடமிருந்த நீரைப் பெரும்பாலும் மலையிலேயே சொரிந்துவிட்டு, சாரலின் குளிர்ச்சியை மாத்திரம் சுமந்துகொண்டு இந்தச் சமவெளியைக் கடந்து சென்றுவிடுகிறது. காற்றாலைகளைச் சுழற்றும் வலிமை அந்தக் காற்றுக்கு உண்டு. மானாவாரி விவசாயியின் வயலை நனைக்கும் வள்ளன்மை அதற்கு இல்லை. அவன் நம்பியிருப்பது ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பொழியும் வடகிழக்குப் பருவமழையைத்தான். ஆகையால், இங்கிருந்து வடக்கேயும் வடகிழக்கேயும் சங்கரன்கோவில், கோவில்பட்டி வரையில் பரந்து செல்லும் புன்செய்களில், புரட்டாசிப் பட்டத்தில் விதைத்துத் தை மாதத்தில் அறுக்கத்தக்கதாய், குறைந்த நீரில் நிறைந்த பலன் தரும் சோளம் தலைமுறை தலைமுறையாக ஆதரிக்கப்பட்டு வந்திருக்கிறது. மக்காச்சோளம் பெருகிவிட்ட இந்நாளிலும், தானியத்தை வீட்டுக்கும் சந்தைக்கும், தட்டையை மாட்டுக்கும் தருகின்ற இந்தப் பயிரை முற்றிலும் கைவிடக் கரிசல் விவசாயிக்கு மனம் வரவில்லை. கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டில் தோன்றிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், கே 8, கே 11, கே 12 என்று சோள ரகங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டு வந்திருப்பதும், இந்தப் பூமிக்கும் அந்தப் பயிருக்கும் உள்ள பந்தத்திற்குச் சாட்சியாகும்.

மழை ஓய்ந்து, மார்கழிப் பனி இறங்கி, பயிர் கதிர் வாங்கி மணி பிடிக்கும் சமயத்திலேயே இந்தப் பயிருக்கு ஓர் ஆபத்து நேர்கிறது. அடியிலைகளின் கீழ்ப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், கடுகைக் காட்டிலும் சிறிய, வெளிறிய மஞ்சள் நிறமுள்ள ஜந்துக்கள் நரம்பு ஓரங்களில் நெருங்கி அப்பிக்கொண்டிருக்கும். அவற்றிற்குக் கீழே உள்ள இலையின் மேற்புறம் எண்ணெய் பூசினாற்போல் பளபளக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். சில நாள்களுக்குள் அந்தப் பிசுபிசுப்பின் மேல் கரிபடிந்தாற்போன்ற பூசணம் படரும். எறும்புகள் சாரிசாரியாக ஏறி இறங்கும். இலைகள் நுனியிலிருந்து பழுத்துக் காயும். அசுவினி என்றும் செடிப்பேன் என்றும் நம் மக்கள் வழங்கும் பூச்சியின் வேலை இது.

இதைக் கண்டவுடன் விவசாயியின் உள்ளத்தில் எழும் முதற்கேள்வி, "எந்த மருந்தை அடிப்பது?" என்பதே. உரக்கடையில் அதற்கு உடனே விடையும் கிடைத்துவிடுகிறது. ஆனால் பூச்சியியல் என்னும் சாஸ்திரம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்த்து வைத்துள்ள அறிவை நோக்கும்போது, அது மூன்றாவதாகக் கேட்கத்தக்க கேள்வியென்றே தோன்றுகிறது. வந்திருப்பது எந்த அசுவினி என்பது முதற்கேள்வி. அது எத்தனை உள்ளது, அதனுடன் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் விடை கண்ட பின்னர்த்தான் நஞ்சைப் பற்றிய விசாரணை பயனுடையதாகும்.

இரு வகை அசுவினிகள்

நம் நாட்டுச் சோளத்தில் பிரதானமாகக் காணப்படும் அசுவினிகள் இரண்டு. முதலாவது, நீலம் கலந்த பச்சை நிறமுடையதாய், பயிர் இளமையாயிருக்கையில் குருத்துக்குள் புகுந்து கூட்டமாய் வாழ்வது. மக்காச்சோள இலை அசுவினி என்று பெயர் பெற்ற இதை 1856இல் அமெரிக்கப் பூச்சியியலறிஞர் ஆசா ஃபிட்ச் விவரித்து, ரோபலோசைபம் மெய்டிஸ் என்று இன்று வழங்கும் இனத்தை உலகுக்கு அறிமுகம் செய்தார். குருத்தை விரித்துப் பார்க்கும்போது இது அச்சமூட்டும் தோற்றமுடையதாயினும், கதிர் வெளிப்பட்டதும் தன் உறைவிடத்தை இழந்து பெரும்பாலும் தானே குறைந்துவிடுகிறது. மேலும், இதை உண்டு வளரும் பொறிவண்டுகள் பின்னால் வரப்போகும் கொடியவனை எதிர்கொள்ளும் சேனையாகவும் அமைகின்றன. எனவே, குருத்தில் அசுவினியைக் கண்ட மாத்திரத்தில் தெளிப்பானை முதுகில் ஏற்றுவது, பெரும்பாலான ஆண்டுகளில், வரப்போகும் போருக்கு முன்பே நம் படையை நாமே அழிக்கும் காரியமாக முடிகிறது.

இரண்டாவதாகிய மஞ்சள் அசுவினியே உண்மையில் அஞ்சத்தக்கது. கால் நுனிகளும், உடலின் பின்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரு குழல்களும் கறுத்திருப்பதைக் கொண்டு, ஒரு சிறு உருப்பெருக்காடியின் துணையால் இதை எளிதில் அடையாளம் காணலாம். ஜாவாத் தீவில் கரும்பின் மேல் இருந்த இதன் இனத்தை 1897இல் செண்ட்னர் என்பார் விவரித்தார்; சூடானில் சோளத்தின் மேல் இருந்ததை 1904இல் தியோபால்டு விவரித்தார். இரண்டும் ஒன்றே என்று நெடுங்காலம் எண்ணப்பட்டு, மெலனாஃபிஸ் சக்காரி, அதாவது கரும்பு அசுவினி, என்ற பெயரே நம் பாடநூல்களிலும் நிலைபெற்றுவிட்டது. உருவ அளவுகளையும் மரபணுக்களையும் ஒருங்கே ஆராய்ந்த ஒரு குழுவினர் 2021இல் இவை இரு வேறு இனங்களே என்று நிலைநாட்டி, சோளத்தை விரும்பும் இனத்திற்கு மெலனாஃபிஸ் சோர்கி என்ற பழைய பெயரை மீட்டளித்தனர்.

பெருக்கத்தின் இரகசியம்

அசுவினியின் பலம் முழுவதும் அதன் சந்ததிப் பெருக்கத்திலேயே அடங்கியிருக்கிறது. ஜெனீவா நகரத்தைச் சேர்ந்த சார்ல் போனே என்னும் இருபது வயது இளைஞர், 1740ஆம் ஆண்டில், அப்போதுதான் பிறந்த ஓர் அசுவினியைத் தனியே பிரித்து, வேறெந்தப் பூச்சியும் அணுகாவண்ணம் கண்ணாடிக்குள் வளர்த்து, இமை கொட்டாமல் கவனித்து வந்தார். ஆணின் சேர்க்கை சிறிதும் இல்லாத அந்தப் பெண், 21 நாள்களில் 95 குஞ்சுகளை ஈன்றது. ஆணின்றியே உயிர் பிறக்கும் என்பதை ஐரோப்பிய விஞ்ஞான உலகம் ஐயமற ஏற்றுக்கொள்ளச் செய்த பரிசோதனை அதுவே. வெப்ப நாடுகளில் வாழும் சோள அசுவினி, ஆண்டு முழுவதும் இம்முறையிலேயே பெண்ணிலிருந்து பெண்ணாகப் பெருகுகிறது. முட்டையிட்டுக் காத்திருக்கும் காலவிரயமும் அதற்கு இல்லை. குஞ்சை உயிருடன் ஈனுகிறது. அதனினும் வியப்பு, பிறவாத அக்குஞ்சின் வயிற்றினுள்ளேயே அதன் குஞ்சு கருக்கொண்டிருப்பது. தாய், மகள், பேர்த்தி என்னும் மூன்று தலைமுறைகளும் ஓர் உடலுக்குள் வளர்வதால், பிறந்த ஒரு வாரத்திற்குள்ளாகவே மகளும் தாயாகிவிட முடிகிறது.

இதைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். ஒரு தாய்க்கு ஐம்பது மகள்கள் என்று கொண்டு, ஒன்றும் சாகாமல் அனைத்தும் பெருகுவதாக எண்ணினால், ஐந்தாம் தலைமுறையில் மாத்திரம் 31 கோடியே 25 லட்சம் அசுவினிகள் இருக்கும். அத்தகைய பிரளயம் நம் வயல்களில் ஒவ்வோராண்டும் நிகழாதிருப்பதற்குக் காரணம், நாம் தெளிக்கும் மருந்து அன்று. நாம் அறியாமலே நம் வயலில் பணி செய்யும் பிற உயிர்களும், மழையும், வெயிலுமே. கனத்த மழை ஒன்று பெய்தால் ஆயிரக்கணக்கில் அசுவினிகள் அடித்துச் செல்லப்படுகின்றன. மழை விலகி வறட்சி தொடங்கும்போது பெருகுவது இதனால்தான்.

அசுவினி உண்ணும் முறையும் அறியத்தக்கது. மயிரினும் மெல்லிய ஊசிகளை இலைத் திசுவின் அணுக்களுக்கு இடையே நுழைத்து, இலையில் ஆக்கப்பட்ட சர்க்கரையைத் தண்டுக்கும் கதிருக்கும் கொண்டு செல்லும் உணவுக்குழாயைச் சென்று தொடுகிறது. பனையேறி பாளையைச் சீவியதும் பதநீர் தானே வடிவது போல, குழாயின் உள்ளழுத்தத்தாலேயே சாறு பூச்சியின் வாய்க்குள் பாய்கிறது. இந்தச் சாற்றில் சர்க்கரை மிகுதி. உடலை வளர்க்கும் அமினோ அமிலங்களோ சொற்பம். தேவையான சொற்பத்தைப் பெறுவதற்காக மிகுதியான சர்க்கரையை உட்கொண்டு, வேண்டாததைப் பின்வழியே சொட்டுச் சொட்டாக வெளியேற்ற வேண்டியிருக்கிறது. அதுவே இலையில் நாம் காணும் பிசுபிசுப்பான தேன்கழிவு. சாற்றில் போதிய அளவில் கிட்டாத சில அமினோ அமிலங்களை, அசுவினியின் உடலுக்குள் தனி அறைகளில் குடியிருக்கும் புக்னெரா என்னும் பாக்டீரியா செய்தளிக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தாயிடமிருந்து சேய்க்குச் சென்று கொண்டிருக்கும் இந்த நுண்ணுயிரின் மரபுத் தொகுதியை 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகள் முழுமையாகப் படித்தறிந்தனர்.

கதிருக்குச் செல்ல வேண்டிய சர்க்கரை இடைவழியில் கொள்ளை போவதால் மணி சிறுக்கிறது. தேன்கழிவின் மேல் படரும் கரும்பூசணம் வெயிலை மறைத்து இலையின் உணவாக்கத்தைக் குறைக்கிறது. தட்டையின் தரத்தையும் கெடுத்துவிடுகிறது. கூட்டம் நெருங்கி உணவு குறைந்ததும், அடுத்துப் பிறக்கும் குஞ்சுகளில் பல இறக்கை பெற்றுக் காற்றில் ஏறி வேறு வயலை நாடிச் செல்கின்றன.

வயலில் உள்ள நண்பர்கள்

அசுவினிக் கூட்டத்தை நிதானமாக உற்று நோக்குபவர், அங்கே அசுவினி மட்டும் இல்லை என்பதை விரைவில் கண்டுகொள்வார். சிவந்த முதுகில் கறுப்புக் கோலமிட்ட ஆறுபுள்ளிப் பொறிவண்டும், முதலையின் வடிவத்தைச் சிறிதாக்கினாற்போன்ற அதன் புழுவும் மேய்ந்துகொண்டிருக்கும். மெல்லிய காம்பின் நுனியில் ஒற்றை முட்டையை நிறுத்திவைக்கும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு, கொடிறு போன்ற தாடையால் அசுவினியைக் கவ்விச் சாற்றை உறிஞ்சும். காலற்ற சிர்பிட் ஈப் புழுவும் இலை மீது ஊர்ந்து தன் பங்கை உண்ணும். இடையிடையே, அசையாமல் உப்பி, வைக்கோல் நிறமாகவோ கருநிறமாகவோ மாறிய அசுவினிகள் தென்படுமானால், அவற்றினுள் சிறு ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சு வளர்கிறது என்று பொருள். தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி 1914இல் பெயின்பிரிக் ஃபிளெச்சரும், 1940இல் டி. வி. இராமகிருஷ்ண அய்யரும் எழுதிய பெருநூல்கள், பயிரைத் தின்னும் பூச்சிகளோடு அவற்றைத் தின்னும் பூச்சிகளையும் அறியும் மரபை இந்த மாகாணத்தில் வேரூன்றச் செய்தன.

இந்த நண்பர்களின் ஆற்றலுக்குச் சமீபகாலத்து உதாரணம் ஒன்று உண்டு. 2002ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் கரும்பு வயல்களில், வெண்பஞ்சு போர்த்தாற்போன்ற கம்பளி அசுவினி திடீரென்று பெருகி, கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பரவிப் பெருங்கலக்கத்தை உண்டாக்கியது. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து பின்னிக்கிடக்கும் கரும்புக்குள் புகுந்து மருந்தடிப்பது எளிதாயில்லை. அந்த நெருக்கடியைத் தணித்ததில் முக்கியப் பங்கு, டைஃபா என்னும் அந்துப்பூச்சியின் புழுவுக்கும், மைக்ரோமஸ் என்னும் இரைவிழுங்கிக்கும், என்கார்சியா என்னும் நுண்குளவிக்கும் உரியது. இவற்றைப் பெருக்கி வயலில் விட்டும், இருக்கும் இடத்தில் நஞ்சு தெளிக்காமல் காத்தும், கரும்பு ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பூச்சியைக் கட்டுக்குள் கொணர்ந்தனர்.

அப்படியானால் நஞ்சே வேண்டாமா என்று கேட்கலாம். நண்பர்கள் வந்து சேர்வதற்குள் பகை மிஞ்சிவிடும் ஆண்டுகளும் உண்டு. அப்போது கைகட்டி நிற்பது பயிரைப் பறிகொடுப்பதாகும். எப்போது நிற்பது, எப்போது அடிப்பது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் பிறந்ததும் ஓர் அசுவினியின் காரணமாகவே. கலிபோர்னியாவின் குதிரைமசால் வயல்களுக்குள் 1954இல் புள்ளி அசுவினி என்னும் அயல்பூச்சி புகுந்தது. பாரத்தியான் போன்ற கடும் நஞ்சுகளை மேலும் மேலும் தெளித்ததில் நண்பர்கள் அழிந்தார்கள், அசுவினியோ நஞ்சைத் தாங்கப் பழகிக்கொண்டது. ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் என்னும் நால்வர், டெமெட்டான் என்ற ஊடுருவும் மருந்தைக் குறைந்த அளவில் பிரயோகித்தால் சாறு குடிக்கும் அசுவினி சாக, பொறிவண்டும் குளவியும் பெரும்பாலும் பிழைப்பதைக் கண்டனர். 1959இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையே, ஒருங்கிணைந்த பூச்சி நிர்வாகம் என்று நாம் இன்று கூறும் கொள்கைக்கு அடித்தளம்.

அவர்கள் வகுத்த பொருளாதாரச் சேத நிலை என்னும் கருத்து மிகவும் எளியது. ஓர் ஏக்கருக்கு மருந்தும் கூலியும் சேர்ந்து 1,000 ரூபாய் ஆவதாகவும், சோளம் குவிண்டால் 2,500 ரூபாய்க்கு விலைபோவதாகவும் ஓர் உதாரணத்துக்குக் கொள்வோம். 40 கிலோ தானியத்தின் விலை தெளிப்புச் செலவுக்கு ஈடாகிறது. பூச்சியால் நேரும் நஷ்டம் 40 கிலோவுக்குக் குறைவாயின், தெளித்தவன் பூச்சிக்குக் கொடுத்ததை விட அதிகமாக மருந்துக்குக் கொடுத்தவனாகிறான். அந்த நிலையைப் பூச்சி எட்டுவதற்குச் சற்று முன்னதாகச் செயலில் இறங்குவதற்குரிய எண்ணிக்கையே வரம்பு நிலை. அமெரிக்காவில் மஞ்சள் அசுவினிக்கு, சோள இலை ஒன்றுக்குச் சராசரியாக 50 முதல் 125 வரை என்று அந்த வரம்பை வகுத்திருக்கிறார்கள். நம் ரகம், நம் விலை, நம் பருவம் ஆகியவற்றுக்கேற்ப இந்த எண் மாறலாம். எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற நியதி மாறாது.

நஞ்சுகளின் கதை

பூச்சிக்கொல்லி என்னும் சொல்லைக் கேட்டதும் நம் கிராமங்களில் ஒரு தலைமுறை நினைவுகூரும் பெயர் ஃபாலிடால். பாரத்தியான் என்னும் இந்தக் கரிமப் பாஸ்பரஸ் நஞ்சு, ஜெர்மானிய ரசாயன அறிஞர் கெர்ஹார்டு ஷ்ராடரின் ஆய்வுகளிலிருந்து தோன்றியது. நரம்புகளுக்கிடையே செய்தி கொண்டு செல்லும் அசிட்டைல்கோலின் என்னும் பொருளை, வேலை முடிந்ததும் சிதைத்துவிடும் நொதியொன்று உண்டு. அந்த நொதியை இந்நஞ்சு முடக்கிவிடுவதால், நரம்பு ஓயாமல் தூண்டப்பட்டுப் பூச்சி வலிப்புற்றுச் சாகிறது. மனிதனின் நரம்பிலும் அதே பொருளும் அதே நொதியும் இருக்கின்றமையே இதிலுள்ள பேராபத்து. 1958இல், கப்பலில் உணவுப்பொருளுடன் வந்த ஃபாலிடால் கசிந்து அதில் கலந்ததால், கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரத்தின் பின்னரே விசாரணையும் சிபாரிசுகளும் தொடர்ந்து, 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இந்தியாவில் நிறைவேறியது.

ரோகர் என்ற வியாபாரப் பெயரால் நம் விவசாயிகள் அறிந்துள்ள டைமீத்தோயேட்டும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இலையில் பட்டதும் உள்ளே ஊடுருவிச் சாற்றோடு கலந்துவிடும் இயல்புடையதாகையால், சாறுண்ணும் பூச்சிகளுக்கு எதிராக நெடுங்காலம் பயன்பட்டு வருகிறது. ஆயினும் இத்தகைய பழைய நஞ்சுகளின் மீது அரசாங்கத்தின் பிடி ஆண்டுதோறும் இறுகிவருகிறது. மீத்தைல் பாரத்தியான், குருணையாக இட்டுவந்த போரேட், பாஸ்பாமிடான் முதலிய 18 மருந்துகள் 2018ஆம் ஆண்டின் ஆணையால் உடனடியாகவோ 2020 முடிவுக்குள்ளோ தடைசெய்யப்பட்டன. 2023ஆம் ஆண்டின் ஆணை, மாலத்தியானையும் குயினால்பாஸையும் சோளத்தில் பயன்படுத்துவதற்கிருந்த அனுமதியை நீக்கியது. பழைய கையேடுகளையும் பழைய ஞாபகத்தையும் நம்பி மருந்து வாங்குவது, ஆகவே, இக்காலத்துக்கு உகந்ததன்று. புட்டியின் மேலுள்ள சீட்டில் சோளம் என்ற பயிரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

அடுத்த தலைமுறை நஞ்சு, 1985இல் ஜப்பானில் ஷின்சோ ககாபு உள்ளிட்டோர் தொகுத்த இமிடாகுளோபிரிட்டுடன் தொடங்கியது. செய்திப் பொருளைச் சிதைக்கும் நொதியைத் தொடாமல், அந்தச் செய்தியை ஏற்கும் வாயிலிலேயே இது சென்று அமர்கிறது. பூச்சியின் வாயிலில் இறுகப் பற்றுவதும், பாலூட்டிகளின் வாயிலில் தளர்வாகவே பற்றுவதும் இதன் சிறப்பு. குருத்து ஈக்காக விதைநேர்த்தியில் இதைப் பூசி விதைக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. ஆனால் அந்தப் பாதுகாப்பு ஏறக்குறைய ஒரு மாதம், சற்றுக் கூடினால் நாற்பது நாள் வரையில்தான் நிற்கும். புரட்டாசியில் பூசிய மருந்து கார்த்திகைக்குள் செயலிழந்துவிட, மஞ்சள் அசுவினி மார்கழியில் வருகிறது. விதைநேர்த்தி செய்தாயிற்றே என்ற நம்பிக்கையில் வயலைப் பாராமல் இருந்துவிடக் கூடாது.

இந்த விஷயத்தில் அமெரிக்கா பெற்ற அனுபவம் நமக்கும் பாடமாகும். 2013இல் டெக்சாஸ் மாநிலத்தில் பியூமாண்ட் நகருக்கு அருகே சோளத்தில் மஞ்சள் அசுவினி பெருகியிருப்பது தெரியவந்தது. ஒரே பெண்வழியின் பிரதிகளாகவே பெருகிய அந்தக் கூட்டம், 2015க்குள் 17 மாநிலங்களை எட்டிவிட்டது. தேன்கழிவில் சிக்கி அறுவடை இயந்திரங்களே தடுமாறின. அங்குள்ள விவசாயிகள் கதிர்ப் பூச்சிகளுக்காகப் பழக்கத்தால் தெளித்துவந்த பைரெத்ராய்டு மருந்துகள் பொறிவண்டுகளைக் கொன்று, அசுவினியைக் குறைப்பதற்குப் பதிலாகப் பெருக்கிவிட்டன. 2014இல் சல்ஃபாக்சாஃப்ளார் என்னும் மருந்தை அவசர அனுமதியின் பேரில் பயன்படுத்தினர். அசுவினிக்குக் கடுமையும் பொறிவண்டுக்கு ஒப்பளவில் மென்மையும் உடைய அந்த மருந்து, தேனீக்களுக்கு விளைக்கும் தீங்கு போதிய அளவில் ஆராயப்படவில்லை என்று 2015இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பால் நிறுத்தப்பட்டு, பின்னர் நிபந்தனைகளுடனேயே திரும்பியது. ஃப்ளுபைராடிஃபுரோன் என்பது அதையொட்டி வந்த மற்றொன்று.

நம் வயல்களிலும் கதிர் நாவாய்ப் பூச்சிக்கும் கதிர்ப் புழுவுக்கும் சைபர்மெத்ரின் போன்ற பைரெத்ராய்டுகளை அடிக்கும் வழக்கம் இருப்பதால் இதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: விலை மலிவும் விரைந்த சாவும் ஒரு மருந்தைச் சிறந்த மருந்தாக்கிவிடா. அடித்த மறுநாள் வயல் சுத்தமாகத் தோன்றும். இலையின் கீழ்ப்புறத்தில் தப்பிய சில பெண்கள், தம்மைத் தின்பாரில்லாத வயலில் இரண்டே வாரங்களில் முன்னிலும் பெருங்கூட்டமாய் எழும்.

பிரயோகத்தின் நுட்பங்கள்

வாரம் ஒருமுறையேனும், கதிர் வாங்கும் பருவத்தில் இருமுறையும், வயலின் ஓரத்தில் நின்று பாராமல் உள்ளே நடந்து, பல இடங்களில் இருபது செடிகளுக்குக் குறையாமல் கீழிலை ஒன்றையும் மேலிலை ஒன்றையும் திருப்பி எண்ண வேண்டும். அசுவினியை எண்ணும்போதே பொறிவண்டுகளையும், குளவி தாக்கி உப்பிய அசுவினிகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். எண்ணிக்கை வரம்புக்குக் கீழிருந்து, நண்பர்களும் பெருகியிருந்தால், நான்கு நாள் பொறுத்து மறுபடி எண்ணலாம். வரம்பைத் தொட்டுவிட்டாலோ தாமதம் ஆகாது; இலைக்கு ஆயிரமாகப் பெருகிய பின் எந்த மருந்தும் முழுப்பலன் தராது.

ஆரம்ப நிலையில், ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறு நல்ல உபாயம். ஏக்கருக்குப் பத்துக் கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து வடிகட்டி, 200 லிட்டராக்கி, சோப்புக் கரைசல் சிறிது கலந்து மாலையில் தெளிக்கலாம். இதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியை உடனே வீழ்த்துவதில்லை; தோலுரித்து வளர்வதைக் குலைக்கிறது. ஆகவே கூட்டம் சிறிதாயிருக்கும்போதே பயன்படும்.

ரசாயன மருந்தாயின், அது சென்று சேரும் வழியை அறிந்திருக்க வேண்டும். ஊடுருவும் மருந்துகளில் பெரும்பாலானவை நீர்க்குழாய் வழியே மேல்நோக்கியே செல்லும். மேலிலையில் பட்ட மருந்து அடியிலைக்கு இறங்கி வராது. மஞ்சள் அசுவினியோ அடியிலையிலிருந்தே தொடங்குகிறது. எனவே தெளிப்பான் மூக்கைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடித்து, நுண்துளிகள் இலையின் அடிப்புறத்தில் படும்படி, போதிய நீருடன் தெளிப்பது இன்றியமையாதது. நீரைக் குறைத்து நஞ்சைக் கூட்டுவது தவறான சிக்கனம். சுரண்டைப் பக்கத்தில் மேல்காற்று வீசும் மாதங்களில் கோடைச் சோளத்துக்குத் தெளிக்க நேர்ந்தால், காற்று எழுவதற்கு முந்திய விடியற்காலையே தக்க நேரம். பகலில் தெளித்த துளி அடுத்தவர் காய்கறித் தோட்டத்திலும் தெளிப்பவர் மூச்சிலும் போய்ச் சேரும். ஒரே குடும்பத்து மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், பெண்ணுக்குப் பெண் பிரதியாகப் பிறக்கும் இந்தப் பூச்சியில், நஞ்சைத் தாங்கும் ஒருத்தியின் வம்சமே வயலை நிரப்பிவிடும்.

சோளத்திற்கு மற்றப் பயிர்களுக்கில்லாத பொறுப்பு ஒன்றும் உண்டு. தானியத்தைப் போலவே தட்டையும் உணவு. அதை உண்ணும் பசுவின் பாலைக் குழந்தைகள் அருந்துகின்றன. புட்டியில் குறித்துள்ள காத்திருப்புக் காலம் கழியும் முன் ஒரு பிடி பசுந்தட்டையையும் அறுத்து மாட்டுக்குப் போடலாகாது. தெளிப்பவருக்கும் இதே சிரத்தை வேண்டும். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கையுறையும் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் இன்றி, காற்றுக்கு எதிராக நின்று தெளிக்கும் கூலித் தொழிலாளியின் உயிர் எந்த மகசூலைக் காட்டிலும் பெரிது. மயக்கம், மிகுந்த வியர்வை, வாயில் நீரூறல், கண்மணி சுருங்குதல் ஆகியவை தோன்றினால், புட்டியின் சீட்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

எல்லாவற்றிலும் நிலையான உபாயம், பயிரின் உடலிலேயே எதிர்ப்பை அமைப்பதுதான். சீனத்துச் சோளம் ஒன்றில் அசுவினியை எதிர்க்கும் ஆர்.எம்.இ.எஸ். 1 என்னும் மரபணு அறியப்பட்டது. அதே எதிர்ப்பு எத்தியோப்பியச் சோள வழியிலும் உள்ளது. ஹெய்ட்டி நாட்டில் அசுவினியால் சோள விவசாயமே நலிந்தபோது, அங்குள்ள பயிர்ப் பெருக்க அறிஞர்கள் இந்த எதிர்ப்புள்ள செடிகளைத் தெரிந்தெடுத்துப் பெருக்கி அந்தப் பயிரை மீட்டனர். நம் நாட்டில் ஹைதராபாத்தின் சிறுதானிய ஆராய்ச்சி நிறுவனமும், கோவில்பட்டி நிலையமும், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்த்து வைத்துள்ள சோளச் செல்வத்துள், இரு தலைமுறைக்கு முன் நம் புன்செய்களில் விளைந்த இருங்குச் சோளம் போன்ற நாட்டு வழிகளையும் இந்த நோக்குடன் ஆராய்ந்து பார்ப்பது நம் காலத்தின் கடமை.

அத்தகைய ரகங்கள் ஒவ்வொரு வயலையும் வந்தடையும் வரையில் நஞ்சின் உதவி சிற்சில ஆண்டுகளில் வேண்டியிருக்கும். அந்த உதவியைப் பெறுவதற்கு முன், எண்ணத் தெரிந்த ஒருவர் வயலுக்குள் நடந்து வந்தாக வேண்டும். வேளாண்மை விரிவாக்க அலுவலர்கள் ஒவ்வோர் ஊரிலும் சில இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் உருப்பெருக்காடியைக் கொடுத்து, அசுவினியையும் அதன் பகைவர்களையும் அடையாளம் காணப் பழக்கி, மார்கழி பிறக்கும்போது வாரந்தோறும் வயலைக் கணக்கிடச் செய்வார்களாயின், அதற்காகும் செலவு ஒரே ஒரு வீண் தெளிப்பின் செலவுக்கும் குறைவாகவே இருக்கும். அவ்வாறு கணக்கிட்டு அடிப்பவர் கையில் மாத்திரமே பூச்சிக்கொல்லி பயிருக்கு மருந்தாக இருக்கும்.